பிகினித் தீவின் 7 புகைப்படங்கள்: அமெரிக்க கேமரா எதைக் காட்டியது, எதை ஃபிரேமுக்கு வெளியே விட்டது?

ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. தென்னை மரங்கள். மணலில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எனக் கிராமமே திரண்டு உட்கார்ந்திருக்கிறது. எதிரே சீருடையில் ஒரு அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் கவனமாகக் கேட்கிறார்கள். பார்த்தவுடன் நம்ம ஊர் கிராமசபைக் கூட்டம் மாதிரிதான் தோன்றும்.

அந்த அதிகாரி கேட்டது இதைத்தான்: "உங்கள் தீவை விட்டு தற்காலிகமாகக் கிளம்ப முடியுமா? நாங்கள் அணுகுண்டு வெடித்துப் பார்க்க வேண்டும்."

ஆண்டு 1946. இடம், பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவுகளின் பிகினி. அந்த 'தற்காலிகம்' ஏறத்தாழ 80 ஆண்டுகளாக இன்னும் முடியவில்லை.

அமெரிக்க ராணுவமும் அரசும் பசிபிக் தீவுகளில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள் இன்று ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றன. பல ஆன்லைனிலேயே கிடைக்கின்றன. சோஷியல் மீடியாவில் 'வரலாற்றின் அரிய படங்கள்' என்று சுற்றுவதில் இவையும் உண்டு. ஆனால் இவற்றை வெறும் 'அரிய படம்' என்று கடந்துபோனால் பாதிக் கதைதான் தெரியும். மீதிப் பாதியையும் 7 படங்கள் வழியாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன மேப்

மார்ஷல் தீவுகள் ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் இருக்கின்றன. 29 பவள வளையங்கள், 5 தனித் தீவுகள். பவள வளையம் என்றால் கடலின் நடுவே மாலை போட்டதுபோல வரிசையாக நிற்கும் குட்டித் தீவுகள். நடுவில் லகூன் எனப்படும் அமைதியான நீர்ப்பரப்பு இருக்கும். பிகினியில் அந்த லகூன் மட்டும் சுமார் 594 சதுர கிலோமீட்டர். நிலமோ எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் 9 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மீன், தென்னை, தாழம்பழம், சீமைப்பலா. இதுதான் அங்கே வாழ்க்கை.

முதல் உலகப் போரின்போது, 1914-இல் இந்தத் தீவுகளை ஜப்பான் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில், 1944-இல் அமெரிக்கா அவற்றைக் கைப்பற்றியது. 1947-இல் மைக்ரோனேசியாவின் பெரும்பகுதியை 'பசிபிக் தீவுகளின் பொறுப்பாட்சிப் பகுதி' என்ற பெயரில் ஐ.நா. அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. தீவு மக்கள் தங்கள் நிலத்தையும் வளங்களையும் இழக்காமல் பாதுகாப்பது அமெரிக்காவின் கடமை என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

இந்த வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள படங்களுக்கெல்லாம் இதுதான் அளவுகோல்.

படம் 1: தென்னை மரத்தடிக் கூட்டம்

மேலே சொன்ன அதே படம். அதிகாரியின் பெயர் கமடோர் பென் வையாட், மார்ஷல் தீவுகளின் ராணுவ ஆளுநர். 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வழிபாடு முடிந்த பிறகு பிகினி மக்களிடம் அவர் பேசினார். மனிதகுலத்தின் நன்மைக்காக, உலகப் போர்களுக்கெல்லாம் முடிவுகட்டுவதற்காக உங்கள் தீவு தேவை என்பது அவர் வாதம். அவர்களின் தலைவர் ஜூடா, எல்லாம் கடவுள் கையில் இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார்.

போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஜப்பானைத் தோற்கடித்த ராணுவம் எதிரே நிற்கிறது. பிகினி மக்கள் மொத்தம் 167 பேர். 'முடியாது' என்று சொல்லும் நிலையில் அவர்கள் இருந்தார்களா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கேமராவில் நாம் பார்க்கும் காட்சி அந்த பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை எடுத்தது கிடையாது. தீவை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள், மார்ச் 6 அன்று, அதே உரையாடலை கேமராவுக்காகத் திரும்ப நடத்தினார்கள். ஒரு டேக் அல்ல, பல டேக்குகள். முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. 'சம்மதம்' மட்டும் மறுபடி மறுபடி ஷூட் செய்யப்பட்டது. 1980-களின் இறுதியில் வெளியாகி ஆஸ்கர் பரிந்துரை வரை போன 'ரேடியோ பிகினி' ஆவணப்படத்தில் இந்த டேக்குகளைப் பார்க்கலாம்.

ஆக, இந்தப் படம் பொய்யா? ஆட்கள் நிஜம், இடம் நிஜம், கேள்வியும் நிஜம். ஆனால் அது பதிவு செய்வது ஒரு முடிவை எடுத்த தருணத்தை அல்ல, அந்த முடிவை உலகத்துக்குக் காட்டுவதற்காக நடந்த ஒத்திகையை.

படம் 2: கிளம்பும் கப்பல்

மறுநாள், 1946 மார்ச் 7. கடற்படையின் 1108 என்ற எண் கொண்ட தரையிறங்கு கப்பலில் பிகினி மக்கள் ஏறுகிறார்கள். பாய், பாத்திரம், வீட்டுக் கூரை ஓலை எல்லாம் கூடவே. படங்களில் சிலர் சிரித்த முகத்தோடும் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுவோம் என்பதுதானே அவர்களிடம் சொல்லப்பட்டது.

கப்பல் போனது கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருந்த ராங்கெரிக். பிகினியைவிட மிகச் சிறியது. யாரும் நிரந்தரமாகக் குடியிருக்காத இடம். யாரும் இல்லாததற்குக் காரணமும் இருந்தது. தென்னையும் தாழையும் போதிய விளைச்சல் தரவில்லை. லகூனில் பிடிக்கும் மீன்களில் சில விஷமாக இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் பட்டினி.

1948 மார்ச்சில் அவர்களை அங்கிருந்து குவாஜலீன் தீவுக்குக் கொண்டுபோய், விமான ஓடுதளத்துக்குப் பக்கத்தில் கூடாரங்களில் வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கிலி என்ற தீவுக்கு. அங்கே லகூனே கிடையாது. நிலம் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. வருஷத்தில் பல மாதங்கள் அலை அடிக்கும் அடியில் படகு இறக்கவே முடியாது. தலைமுறை தலைமுறையாக அமைதியான லகூனில் பாய்மரம் ஓட்டி, மீன் பிடித்துப் பழகியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பிகினி வம்சாவளியினர் பலர் இன்றும் அந்தக் கிலியில்தான் இருக்கிறார்கள்.

கப்பல் கிளம்பியது நன்றாகவே படமாக்கப்பட்டது. பட்டினிக்கு அவ்வளவு கேமராக்கள் வரவில்லை.

படம் 3: நீரில் எழுந்த தூண்

இந்தப் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கடற்கரையில் தென்னைகள், அதற்குப் பின்னால் லகூனிலிருந்து வானம் வரை எழும் ராட்சத நீர்த்தூண். அதன் காலடியில் தீப்பெட்டி சைஸில் போர்க்கப்பல்கள். ஆல்பம் அட்டை, போஸ்டர், டி-ஷர்ட், மீம் என இது வராத இடமே இல்லை.

அதன் பெயர் 'பேக்கர்' சோதனை. தேதி 1946 ஜூலை 25. 27 மீட்டர் ஆழத்தில், 23 கிலோடன் குண்டு. அதற்கு முன் ஜூலை 1 அன்று 'ஏபிள்' என்ற முதல் குண்டை விமானத்திலிருந்து போட்டார்கள். அது குறியிலிருந்து சுமார் 650 மீட்டர் தள்ளி விழுந்தது. இரண்டுக்கும் சேர்த்து 'ஆபரேஷன் கிராஸ்ரோட்ஸ்' என்று பெயர்.

அணுகுண்டுக்கு முன்னால் கடற்படை தாக்குப்பிடிக்குமா என்பதுதான் கேள்வி. அதற்காக 90-க்கும் மேற்பட்ட கப்பல்களை லகூனில் நிறுத்தினார்கள். அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பலான சரடோகா மூழ்கியது. பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது ஜப்பானிய அட்மிரல் யமமோட்டோவின் தலைமைக் கப்பலாக இருந்த நகாட்டோவும் மூழ்கியது. சுமார் 42,000 பேர் இந்த நடவடிக்கையில் இருந்தார்கள். சில கப்பல்களில் ஆடு, பன்றி, எலிகளையும் கட்டிவைத்திருந்தார்கள்.

கேமரா எத்தனை தெரியுமா? ஆளில்லா விமானங்களில், கோபுரங்களில், கரையில் என எங்கும் கேமரா. 50,000-க்கும் மேல் ஸ்டில் படங்கள், 15 லட்சம் அடி சினிமா ஃபிலிம். அதில் ஒரு கேமரா நொடிக்கு 1,000 ஃபிரேம் எடுக்கக்கூடியது. உலகத்திலிருந்த ஃபிலிமில் பெரும்பங்கு அப்போது பிகினியில்தான் இருந்தது என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு.

நீர்த்தூண் படத்தின் பிரபல வெர்ஷன், குண்டிலிருந்து சுமார் 5.6 கிலோமீட்டர் தள்ளி, பிகினித் தீவில் நிறுத்திய ஒரு கோபுரத்திலிருந்து எடுத்தது. அதாவது அந்த ஃபிரேமின் முன்பக்கத்தில் தெரியும் கடற்கரை, நான்கு மாதத்துக்கு முன்பு வரை ஒரு ஊரின் கடற்கரை.

படம் வெளியான அதே ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. பாரிஸில் லூயி ரெயார் என்ற வடிவமைப்பாளர் ஜூலை 5 அன்று புது நீச்சலுடை ஒன்றை அறிமுகம் செய்தார். அப்போது செய்திகளில் பரபரப்பாக இருந்த தீவின் பெயரையே அதற்கு வைத்தார். இன்று கூகுளில் 'பிகினி' என்று தேடினால் முதலில் எது வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

படம் 4: தன்னைத் தானே படம் எடுத்த மீன்

இந்தத் தொகுப்பிலேயே விசித்திரமான படம் இதுதான்.

நீருக்கடியில் வெடித்ததால் பேக்கரின் கதிரியக்கம் காற்றில் கலைந்து போகவில்லை. சுமார் 20 லட்சம் டன் நீர் மேலே எழும்பி, கதிரியக்கத்தோடு கப்பல்கள் மீதே திரும்ப விழுந்தது. தப்பிய கப்பல்களைக் கழுவி மீட்டுவிடலாம் என்று கடற்படை நினைத்தது. அப்போதைய போட்டோக்களில் மாலுமிகள் பிரஷ், சோப்பு, தண்ணீர் கொண்டு தளத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாதுகாப்பு உடை எதுவும் இல்லை. ஏதோ தீபாவளிக்கு வீடு கழுவுவது போல.

கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த ஸ்டாஃபோர்டு வாரன் என்ற மருத்துவ அதிகாரி வேலையை நிறுத்தச் சொன்னார். அதிகாரிகள் நம்பவில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையே!

ஆகஸ்ட் தொடக்கத்தில் வாரன் ஒரு படத்தைக் கொண்டுபோய் காட்டினார். லகூனில் பிடித்த ஒரு மீனை ஃபிலிம் மேல் வைத்திருந்தார்கள். கேமரா இல்லை, விளக்கு இல்லை. மீனின் உடம்பிலிருந்து வந்த கதிர்வீச்சே ஃபிலிமில் மீனின் உருவத்தை வரைந்துவிட்டது. செதில்களின் கோடு தெரிந்தது. வயிற்றில் கடைசியாகத் தின்ற பாசி பளிச்சென்று ஒளிர்ந்தது.

நடவடிக்கையின் தலைவர் அட்மிரல் வில்லியம் பிளாண்டி, அந்தப் படத்தைப் பார்த்த பிறகு கழுவும் வேலையை நிறுத்த உத்தரவிட்டார். திட்டமிட்டிருந்த மூன்றாவது குண்டும் ரத்தானது. 50,000 படங்கள் சொல்லாததை அந்த ஒரு மீன் சொல்லிவிட்டது.

படம் 5: காளான் மேகக் கேக்

1946 நவம்பர் 5, வாஷிங்டன். வேலை முடிந்ததைக் கொண்டாட ஒரு பார்ட்டி. அட்மிரல் பிளாண்டியும் அவர் மனைவியும் சேர்ந்து ஒரு கேக் வெட்டுகிறார்கள். கேக்கின் வடிவம், அணுகுண்டின் காளான் மேகம்.

படம் பத்திரிகையில் வந்ததும் அமெரிக்காவுக்குள்ளேயே கோபம் எழுந்தது. பவல் டேவிஸ் என்ற வாஷிங்டன் மதபோதகர் தன் ஞாயிறு உரையில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஹிரோஷிமா, நாகசாகி நடந்து 15 மாதங்கள்தான் ஆகியிருந்தன.

இதைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. 'அந்தக் காலத்துல யாருக்கும் இதெல்லாம் தப்புன்னு தெரியாது' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தெரிந்தவர்கள் அப்போதும் இருந்தார்கள், வெளிப்படையாகப் பேசவும் செய்தார்கள்.

இதே மாதங்களில் பிகினி மக்கள் ராங்கெரிக்கில் சாப்பாட்டுக்கு அல்லாடத் தொடங்கியிருந்தார்கள்.

படம் 6: மருத்துவக் குழு எடுத்த குளோசப்கள்

1946 முதல் 1958 வரை அமெரிக்கா மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுகளை வெடித்தது. பெரும்பாலானவை பிகினியிலும் எனிவெடாக்கிலும். மொத்த சக்தி சுமார் 108 மெகாடன். கணக்குப் போட்டால், 12 ஆண்டுகளுக்கு தினமும் ஒன்றரைக்கும் மேற்பட்ட ஹிரோஷிமா குண்டுகள்.

அதில் மிகப் பெரியது 1954 மார்ச் 1 அன்று வெடித்த 'பிராவோ'. 6 மெகாடன் அளவில் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது 15. ஹிரோஷிமாவைப் போல சுமார் 1,000 மடங்கு.

கிழக்கே 150 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த ராங்கெலாப்பில் சில மணி நேரத்தில் வானிலிருந்து வெண்பொடி கொட்டியது. நொறுங்கிய பவளமும் கதிரியக்கமும் கலந்த சாம்பல். தலையில், சோற்றில், குடிநீரில் எங்கும். குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரவுக்குள் வாந்தி, உடல் அரிப்பு.

வெடிப்புக்கு முந்தைய வானிலை ஆய்விலேயே காற்றின் போக்கு சாதகமாக இல்லை என்று தெரிந்திருந்தது. பிற்காலத்தில் ரகசியம் நீக்கப்பட்ட ஆவணங்கள் இதைக் காட்டுகின்றன. ராங்கெரிக்கில் இருந்த 28 அமெரிக்க வானிலைப் பணியாளர்கள் சுமார் 34 மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களைவிட வெடிப்புக்கு அருகில் இருந்த ராங்கெலாப் மக்களுக்குக் கப்பல் வந்தது சுமார் 50 மணி நேரம் கழித்து.

மார்ச் 11 அன்று அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஓர் அறிக்கை விட்டது: எதிர்பாராத விதமாகக் கொஞ்சம் கதிரியக்கம் பட்டது, தீக்காயம் எதுவும் இல்லை, எல்லோரும் நலம். அடுத்த சில நாட்களிலேயே தோல் புண்களும் கொத்துக் கொத்தாக முடி உதிர்வும் தொடங்கின. அவற்றை மருத்துவக் குழுவின் கேமராக்கள் ஒன்றுவிடாமல் பதிவு செய்தன. கழுத்து, பாதம், தலை என குளோசப்கள்.

அந்த ஆய்வுக்கு 'புராஜெக்ட் 4.1' என்று பெயர். சிகிச்சையும் கொடுத்தார்கள், தகவலும் சேகரித்தார்கள். எது முதலில், எது இரண்டாவது என்ற சந்தேகம் மார்ஷல் மக்களுக்கு இன்றுவரை தீரவில்லை. 1957-இல் பாதுகாப்பானது என்று சொல்லி அவர்களை ராங்கெலாப்புக்கே திருப்பி அனுப்பி, வருடா வருடம் மருத்துவர்கள் வந்து பரிசோதித்ததும் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம். தைராய்டு கட்டிகள் பெருகின. பிராவோவின்போது 1 வயதுக் குழந்தையாக இருந்த ஒருவர், 1972-இல் 19 வயதில் லுகேமியாவால் இறந்தார்.

அதே பொடி, 'அதிர்ஷ்ட டிராகன்' என்ற பெயர் கொண்ட ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீதும் விழுந்தது. 23 பேரில் ரேடியோ ஆபரேட்டர் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். உலகம் விழித்துக்கொண்டது அதன் பிறகுதான்.

இந்தியாவும் இங்கேதான் கதைக்குள் வருகிறது. 1954 ஏப்ரல் 2 அன்று பிரதமர் நேரு, அணுகுண்டு சோதனைகளை எல்லா நாடுகளும் அப்படியே நிறுத்திவைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கோரினார். அதே மாதம் மார்ஷல் மக்களும் ஐ.நா.வுக்கு மனு அனுப்பினார்கள். நிலம் என்பது எங்களுக்குப் பயிர் செய்யவும் வீடு கட்டவுமான இடம் மட்டும் கிடையாது, அதுதான் எங்கள் உயிர் என்பது அதன் சாரம். சோதனைகள் மேலும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்தன.

இடையில்: பள்ளிக்கூடம், ஓட்டுப்பெட்டி, நர்ஸ்

பசிபிக் படங்கள் என்றாலே குண்டுதானா? இல்லை. பொறுப்பாட்சிக் காலத்து அரசுப் படங்களின் பெரிய தொகுப்பு ஹவாய் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் வகுப்பறை, மருத்துவமனை, தேர்தல், சாலைப் பணி, தீவுக்கு வந்திறங்கும் உயரதிகாரிக்கு மலர்மாலை வரவேற்பு என வேறொரு உலகம்.

இவையும் பொய் இல்லை. 1960-களில் உண்மையிலேயே பள்ளிகள் பெருகின. 1966 முதல் அமெரிக்க அமைதிப்படைத் தன்னார்வலர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். ஆனால் பின்னணி தெரிய வேண்டும். 1962-இல் அதிபர் கென்னடி, இந்தத் தீவுகளை நிரந்தரமாக அமெரிக்காவோடு இணைக்கும் நோக்கில் ஒரு கொள்கை உத்தரவில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு பொருளியலாளர் ஆண்டனி சாலமன் தலைமையிலான குழு, பள்ளி, மருத்துவம், மேம்பாட்டுக்குப் பணத்தைச் செலவழித்துவிட்டு, சாதகமான நேரத்தில் பொதுவாக்கெடுப்பு நடத்தலாம் என்ற வழியைக் காட்டியது.

அதனால் சிரிக்கும் பள்ளிக் குழந்தையின் படத்தைப் பார்க்கும்போது, இந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்ற கேள்வியும் சேர்ந்தே வர வேண்டும். பொறுப்பாட்சி எப்படி நடக்கிறது என்று அமெரிக்கா ஆண்டுதோறும் ஐ.நா.வுக்கு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது என்பதும் நினைவிருக்கட்டும்.

இதே காலத்தில்தான் பிகினிக்குத் திரும்பும் ஒரு முயற்சியும் நடந்தது. 1968-இல் அதிபர் ஜான்சன், பிகினி பாதுகாப்பானது, மக்கள் திரும்பலாம் என்று அறிவித்தார். 1970-களில் சில குடும்பங்கள் திரும்பின. வீடு கட்டினார்கள், தென்னை நட்டார்கள். 1978-இல் சோதித்தபோது அவர்கள் உடம்பில் சீசியம்-137 ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது.

ஏன் அப்படி? பவளத்தீவு மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. சீசியம் வேதியியல் ரீதியாகப் பொட்டாசியத்தின் உறவுக்காரர் மாதிரி. பொட்டாசியத்துக்கு ஏங்கும் தென்னை, சீசியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதே இளநீர், அதே தேங்காய், அதே தேங்காய் நண்டு சாப்பிட்டவர்களின் உடம்புக்குள் அது போய்ச் சேர்ந்தது. செப்டம்பரில் சுமார் 140 பேர் இரண்டாவது முறையாக வெளியேற்றப்பட்டார்கள்.

படம் 7: கேமராவின் கை மாறியபோது

1985 மே. ராங்கெலாப் மக்கள் தங்கள் தீவு இன்னும் பாதுகாப்பாக இல்லை என்று முடிவு செய்து, தாங்களே வெளியேறத் தீர்மானித்தார்கள். அமெரிக்க அரசு உதவவில்லை. கிரீன்பீஸ் அமைப்பின் 'ரெயின்போ வாரியர்' கப்பல் வந்தது. 300-க்கும் மேற்பட்டவர்களையும், பிரித்து எடுத்த அவர்களின் வீடுகளையும் பல நடைகளில் மெஜாட்டோ என்ற தீவுக்குக் கொண்டு சேர்த்தது.

அதைப் படம் எடுத்தவர் ஃபெர்னாண்டோ பெரெய்ரா. போர்ச்சுகலில் பிறந்து நெதர்லாந்தில் வாழ்ந்த புகைப்படக்காரர். 1946 படங்களோடு இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கப்பல், மூட்டை முடிச்சு, குழந்தைகள், முதியவர்கள். ஆனால் இந்த முறை கிளம்பும் முடிவு தீவு மக்களுடையது. கேமராவும் கடற்படையின் கையில் இல்லை.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 10 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் அதே கப்பலில் பிரெஞ்சு உளவுத்துறை குண்டு வைத்தது. பிரான்ஸின் அணு சோதனைக்கு எதிராக அந்தக் கப்பல் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது. உயிரிழந்தவர் ஒரே ஒருவர்: பெரெய்ரா.

இப்போது நிலைமை என்ன?

1986-இல் மார்ஷல் தீவுகள் அமெரிக்காவுடன் 'சுதந்திர இணைவு ஒப்பந்தம்' செய்துகொண்டு தனி நாடானது. அணு சோதனை இழப்பீட்டுக்கு 15 கோடி டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. பிறகு அமைந்த தீர்ப்பாயம், 2001-இல் பிகினிக்கு மட்டுமே 56 கோடி டாலருக்கும் மேல் வழங்க வேண்டும் என்றது. நிதியில் அவ்வளவு பணமே இல்லை. 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது.

பிகினி மீள்குடியேற்ற நிதி தனிக்கதை. 2017-இல் அதன் மீதான கண்காணிப்பை அமெரிக்க உள்துறை விட்டுக்கொடுத்தது. அப்போது அதில் சுமார் 5.9 கோடி டாலர் இருந்தது. உள்ளூர் நிர்வாகம் செலவழித்து, சில ஆண்டுகளில் அது கிட்டத்தட்டக் காலியானது. 2023-இல் கையெழுத்தான புதிய ஒப்பந்தம் மார்ஷல் தீவுகளுக்கு 20 ஆண்டுகளில் சுமார் 230 கோடி டாலர் தர வழி செய்கிறது.

எனிவெடாக்கின் ரூனிட் தீவில், 1958-இல் குண்டு வெடித்த பள்ளத்தில் கதிரியக்க மண்ணைக் கொட்டி, 1980 வாக்கில் காங்கிரீட் மூடி போட்டார்கள். மேலிருந்து பார்த்தால் பறக்கும் தட்டு இறங்கியது போலிருக்கும். இன்று இன்ஸ்டாகிராமில் பகிரப்படும் மார்ஷல் படங்களில் அதுவும் உண்டு. பள்ளத்தின் அடிப்பகுதிக்குக் காங்கிரீட் போடவில்லை என்பதும், கடல்மட்டம் உயர்கிறது என்பதும் படத்தில் தெரியாது.

குவாஜலீனில் அமெரிக்க ஏவுகணைச் சோதனைத் தளம் இன்றும் இயங்குகிறது. அங்கே வேலைக்குப் போகும் மார்ஷல் தொழிலாளர்கள் பக்கத்துத் தீவான எபேயில் வாழ்கிறார்கள். சுமார் 80 ஏக்கரில் பல ஆயிரம் பேர்.

2014-இல் இந்தக் குட்டி நாடு, அணு ஆயுதம் வைத்திருக்கும் 9 நாடுகள் மீதும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மீதான வழக்குகள் மட்டுமே விசாரணை வரை வந்தன. அமெரிக்கா அந்த நீதிமன்றத்தின் வரம்பை ஏற்காததால் அதன் மீதான வழக்கு நகரவே இல்லை. 2016 அக்டோபர் 5 அன்று, தனக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் கைவிரித்தது. இந்தியா வழக்கில் வாக்கு 9-க்கு 7.

இந்த மாதிரிப் படம் ஃபீடில் வந்தால் என்ன செய்யலாம்?

அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எடுக்கும் படங்களுக்கு அந்நாட்டில் காப்புரிமை இல்லை. அதனால்தான் இவை எங்கும் சுலபமாகக் கிடைக்கின்றன. யாரும் எடுத்து போஸ்டர் அடிக்கலாம். ஆனால் ராங்கெலாப் சிறுமியின் தலையில் முடி உதிர்ந்த படத்தைப் பகிர அவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்? சட்டம் கேட்கச் சொல்லவில்லை. நாம் யோசிக்கலாம்.

நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று, எடுத்தது யார்? ராணுவமா, அரசுத் துறையா, பத்திரிகையாளரா, தீவுக்காரரா?

இரண்டு, எப்போது எடுத்தது? சம்பவம் நடந்த அன்றா, கேமராவுக்காகத் திரும்ப நடத்தியபோதா?

மூன்று, கேப்ஷனில் யாருக்குப் பெயர் இருக்கிறது? அதிகாரிக்குப் பதவியோடு பெயரும், மற்றவர்களுக்கு வெறும் 'தீவுவாசிகள்' என்றும் இருந்தால், படம் யார் பார்வையில் எடுக்கப்பட்டது என்று புரிந்துவிடும்.

நான்கு, அடுத்த ஃபிரேமில் என்ன நடந்தது? கப்பல் கிளம்பிய படத்தோடு நிறுத்தாமல், போய்ச் சேர்ந்த இடத்தையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

2010-இல் யுனெஸ்கோ பிகினியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. லகூனின் அடியில் சரடோகாவும் நகாட்டோவும் கிடக்கின்றன. முத்துக்குளிப்பவர்களைப் போல மூழ்கி அவற்றைப் பார்க்கவும் படம் எடுக்கவும் டைவர்கள் போய்வருகிறார்கள். பிகினி மக்களின் கொடியில், அன்று ஜூடா சொன்ன அந்தப் பதில் அவர்கள் மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கொடி பறப்பது அவர்கள் வாழும் மற்றத் தீவுகளில். பிகினியில் நிரந்தரமாகக் குடியிருக்க அவர்கள் இன்னும் திரும்பவில்லை.